விலக்கிய பாலுக்கு ஒரு தேதி

ரயிலில் கழிப்பறையை ஒட்டிய பெர்த்தை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. கேட்டு வாங்குகிறவர்கள் தனி ரகம். பொதிகை எக்ஸ்பிரஸில் எனக்கு எதிரே இருந்தவர் அந்த ரகம். ராஜபாளையத்தில் நூல் ஏஜென்சி வைத்திருக்கிறார். எழும்பூரில் ஏறியதிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. என் இட்லிப் பொட்டலத்தை நீட்டியபோது கையெடுத்துக் கும்பிட்டார். "வண்டி ஏறுற அன்னைக்கு நான் பட்டினிதான் சார். வயிறு எந்த நேரம் என்ன பண்ணும்னு அதுக்கே தெரியாது."

பல வருடக் கதை. ஸ்கேன் எடுத்தாயிற்று, குழாய் விட்டுக் குடலைப் பார்த்தாயிற்று, ரத்தம், மலம் எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் ஒன்றும் இல்லை. "ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்குல வாங்குறாங்க. ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா நிம்மதியா இருக்கும் போல" என்றார். விழுப்புரம் தாண்டியதும் படுத்துவிட்டார். தூங்கினாரா என்று சொல்ல முடியாது.

அவருடைய 'ஒன்றுமில்லை'க்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய்க்குறி (Irritable Bowel Syndrome). குடலில் புண் இருக்காது, கட்டி இருக்காது. வலி இருக்கும், உப்புசம் இருக்கும். சிலருக்கு வயிற்றால் போகும், சிலருக்கு மலம் இறுகும், சிலருக்கு இரண்டும் மாறிமாறி வரும். இத்தகைய குடல் கோளாறுகளை வரையறுக்கும் ரோம் விதிகளின், 2016இல் வெளியான நான்காம் பதிப்பு இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிறு வலித்திருக்க வேண்டும். அந்த வலிக்கு மலம் கழிப்பதோடோ, எத்தனை முறை போகிறது என்பதோடோ, மலத்தின் தன்மையோடோ, இந்த மூன்றில் இரண்டோடாவது தொடர்பு வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இந்த அளவை வைத்து 33 நாடுகளில் கணக்கெடுத்ததில், இணையம் வழியே பதில் சொன்னவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் தேறினார்கள். பழைய, கொஞ்சம் தளர்ந்த விதிகளின்படி எண்ணிக்கை இதைவிடக் கூடுதல்.

காரணம் ஒன்றல்ல. குடலில் வாயு நகர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். இவர்களுக்கு நரம்புகள் அதைச் சத்தம் கூட்டிவைத்த ரேடியோ மாதிரி மூளைக்கு அனுப்புகின்றன. மூளையின் கவலை அதே வழியில் குடலுக்குத் திரும்பிவருகிறது. கிருமித் தொற்றால் பேதியாகிப் பிழைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பின்னும் இது தங்கிவிடுகிறது. குணமாக்கும் ஒற்றை மருந்து எதுவும் கிடையாது. அதனால்தான் ஐ.பி.எஸ். நோயாளி ஊர் ஊராக, வைத்தியம் வைத்தியமாக அலைகிறார். அப்படி அலைகிறவர்கள் இயற்கை மருத்துவத்திடம் வந்து சேரும்போது அங்கே என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காகவே ராஜபாளையம் போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த ஊர் ராஜபாளையம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். இரண்டுக்கும் மேற்கே ஒரே மலைத்தொடர். 2021இல் புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு. ஆனால் இரண்டும் வேறு குணம். ஒன்று கோயில் ஊர், மற்றது மில் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து பெருகிய ஆலைகளின் சங்குதான் இங்கே பொழுதைப் பிரிக்கிறது. காலை ஷிப்ட் போகிறவர்கள் டீக்கடையில் நின்றபடி வடையை முடிக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் அதே கடையில் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு சால்னா ஊற்றிக்கொள்கிறார்கள். மைதா, வெங்காயம், எண்ணெய், தூங்காத உடம்பு. ஒரு குடலைச் சோதிக்க வேறென்ன வேண்டும்? பகலும் இரவுமாக முறை மாறி வேலை பார்க்கும் செவிலியர்களிடம் இந்த நோய் கூடுதலாக இருப்பதை 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மில் தொழிலாளியிடம் கேட்டால் ஆய்வே தேவையில்லை என்பார்.

நான் போய் உட்கார்ந்த இடம் ஒரு தெருவோர வீட்டின் கீழ்த்தளம். பெயர் போட வேண்டாம் என்று அந்த டாக்டர் கேட்டுக்கொண்டார். சென்னை அரும்பாக்கத்தில் 2000இல் தொடங்கிய அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். படித்தவர், முப்பதுகளில் இருக்கும் பெண். வருகிறவர்கள் 'டாக்டரம்மா' என்கிறார்கள். தெலுங்கு பேசும் ராஜு சமூகத்துப் பெரியவர்கள் வந்தால் பேச்சு தெலுங்குக்கு மாறுகிறது. இவருக்குத் தெலுங்கு வீட்டு மொழி இல்லை, நோயாளிகளிடமே கற்றுக்கொண்டாராம்.

தெலுங்குக்கும் இந்த வைத்தியத்துக்கும் ஒரு பொருத்தம் உண்டு. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில், மருத்துவம் படிக்காத லூயி கூனே என்பவர் 'எல்லா நோயும் ஒரே நோய்தான், உடம்பில் தேங்கும் கழிவுதான்' என்று சொல்லி இடுப்புக் குளியலைப் பரப்பினார். அவருடைய புத்தகம் இந்தியாவில் முதலில் வந்தது தெலுங்கில்தான். ஆண்டு 1894, மொழிபெயர்த்தவர் வெங்கடசலபதி சர்மா. அதைப் பின்தொடர்ந்துதான் புதுக்கோட்டை லட்சுமண சர்மா போன்றவர்கள் தமிழ்நாட்டில் இந்த முறையை ஊன்றினார்கள். தெற்கே போனால் சிவசைலத்தில் மு. இராமகிருஷ்ணன் நிறுவிய நல்வாழ்வு ஆசிரமம், சமைக்காத உணவையே மருந்தாகச் சொல்லி ஒரு தலைமுறையைத் தேங்காயும் பழமும் தின்ன வைத்தது. ராஜபாளையத்தில் நான் பேசிய வயதானவர்களில் சிலர் ஒரு காலத்தில் சிவசைலம் போய்த் தங்கி வந்தவர்கள். திரும்பி வந்து சில மாதம் கடைப்பிடித்ததாகவும், பிறகு வீட்டில் யாருக்கோ கல்யாணம் வந்ததாகவும் சொன்னார்கள்.

டாக்டரம்மாவின் முதல் சந்திப்பு முக்கால் மணி நேரத்துக்குக் குறைவதில்லை. எனக்கு அதிகம் வியப்பளித்தது அதுதான். மண்ணும் தண்ணீரும் அதற்குப் பிறகுதான். ஒரு ஆசிரியரிடம் கேட்டார்: "எந்த வேளை சாப்பாட்டுக்கப்புறம் வயிறு கூடுதலா பொருமுது? ஸ்கூல் இருக்கிற நாள்லயா, லீவு நாள்லயா? வெளிக்குப் போயிட்டு வந்தா வலி கொறையுதா? போனாலும் இன்னும் மீதி இருக்கிற மாதிரி இருக்கா? ராத்திரி தூக்கத்துலேருந்து எழுப்புதா?" கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதில் வந்ததும் அவர் முகம் சற்றுத் தளர்ந்தது. தூக்கத்தை உடைத்து எழுப்பும் பேதி, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்று. இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் கை வைப்பதில்லை. நான் இருந்தபோதே, சட்டை தொளதொளத்துப்போன ஒரு பெரியவரை உட்காரவைத்துப் பேசி, அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார். "மண் பட்டி போட்டுக்கலாம்னு வந்தேன் தாயி" என்றார் பெரியவர். "மண்ணு எங்கயும் போகாது ஐயா. மொதல்ல அங்க காட்டிட்டு வாங்க, நானே போன் பண்ணிச் சொல்றேன்." நம் நாட்டில் குடல் காசநோய் ஐ.பி.எஸ். வேஷத்தில் வருவதுண்டு என்று பிறகு என்னிடம் சொன்னார். இயற்கை மருத்துவர் ஒருவரை நம்பலாமா என்பதற்கு என் கணக்கில் இதைவிட நல்ல பரீட்சை இல்லை: அவர் யாரைத் திருப்பி அனுப்புகிறார்?

மண் பட்டியையும் பார்த்தேன். மேல்மண்ணை விலக்கி, ஆழத்திலிருந்து எடுத்து, வெயிலில் காயவைத்துச் சலித்த மண். முதல் நாளே ஊறப்போட்டுப் பிசைந்து, மெல்லிய துணியில் பரப்பி மடித்து, தொப்புளுக்குக் கீழே இருபது முதல் முப்பது நிமிடம் வைக்கிறார்கள். துணி பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்தது. அங்கே வீடு வீடாகத் தறிகளில் ஓடுவது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிதான். நாட்டில் யார் காயத்துக்குக் கட்டுப் போட்டாலும் அதில் சத்திரப்பட்டி இழை இருக்க வாய்ப்பு அதிகம். அறுவை அரங்குக்குப் போகவேண்டிய துணி இங்கே ஈரமண்ணைச் சுமந்துகொண்டு ஒரு வங்கி ஊழியரின் வயிற்றில் படுத்திருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஜில்லுன்னு இருக்கு சார். இந்த அரை மணி நேரம் போனை வாங்கி வெச்சுக்கிறாங்க, அதுதான் பெரிய வைத்தியம்" என்றார்.

இதே பட்டியைத் தென்னாப்பிரிக்காவில் தன் வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்தவர் காந்தி. மலச்சிக்கலும் தலைவலியும் அவரை விடவில்லை. கூனேயின் குளியல் கொஞ்சம் உதவியது, முழுக்க இல்லை. பிறகு அடால்ஃப் யுஸ்ட் எழுதிய 'இயற்கைக்குத் திரும்புக' கைக்குக் கிடைத்தது. ஈரமண்ணைத் துணியில் தடவி இரவில் கட்டிக்கொண்டதைச் சுயசரிதையில் விவரமாகவே எழுதியிருக்கிறார். ராஜபாளையத்தில் காந்தியைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியாது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்ட ஊர் இது. மன்றத்துக்கு ஒரு மாலை நடந்து போனேன். அங்கே எனக்கு நினைவு வந்தது அந்த மண் இல்லை, காந்தியின் பால்.

1912இல் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி பாலை விட்டார். ஆறு ஆண்டு கழித்து, நடியாதில் ஒரு பண்டிகை நாளில், கஸ்தூரிபா செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியை ஆசைப்பட்டுச் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் சீதபேதி பிடித்துக்கொண்டது. சாகக் கிடந்தார். மருத்துவர்கள் பால் குடிக்கச் சொன்னார்கள், மறுத்தார். விரதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி காட்டியவர் கஸ்தூரிபா. 1919 தொடக்கத்தில் ஆட்டுப்பால் உள்ளே போனது. விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் கடைசிவரை அவருக்கு இருந்தது. எனக்கு அதில் தெரிவது வேறு. உலகத்தின் புகழ்பெற்ற இயற்கை மருத்துவ நோயாளிக்கும் ஒன்றை விலக்கத்தான் தெரிந்தது. திரும்பச் சேர்க்க அவரிடம் திட்டம் எதுவும் இல்லை. மனைவி சொல்லவேண்டி வந்தது.

இதே குறையைத்தான் இன்றும் ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் பார்க்கிறேன். ஒருவர் சொல்லக் கேட்டுப் பாலை விடுகிறார்கள். இன்னொருவர் சொல்லப் பருப்பை விடுகிறார்கள். வெங்காயம், பூண்டு, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, புளி என்று ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் கஞ்சியும் துவையலும் பயமும் மிஞ்சுகின்றன. எதை விட்டதால் குறைந்தது, எதை விடாமலே குறைந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இயற்கை மருத்துவமும் சித்தமும் ஆயுர்வேதமும் இதில் சளைத்தவை அல்ல. பத்தியம் சொல்லத் தெரிந்த அளவுக்குப் பத்தியம் முறிக்கச் சொல்லிக்கொடுக்கும் வைத்தியர்கள் குறைவு.

மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்தார்கள். சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, நீரை இழுத்து, வாயுவைக் கிளப்பும் சில சர்க்கரைகளுக்கு 2005இல் ஃபாட்மேப் என்று பெயர் வைத்தார்கள். பாலில் லாக்டோஸ், வெங்காயத்திலும் பூண்டிலும் கோதுமையிலும் ஃப்ரக்டன், பருப்பில் காலக்டன், மாம்பழத்தில் மிஞ்சிய ஃப்ரக்டோஸ். பட்டியலை ராஜபாளையத்தில் உட்கார்ந்து படித்தால் சிரிப்பு வரும். சால்னா, பரோட்டா, சாம்பார், ஊரின் பெருமையான சப்பட்டை மாம்பழம், பக்கத்து ஊர்ப் பால்கோவா என்று இரண்டு ஊரின் மொத்தச் சந்தோஷமும் அதில் இருக்கிறது. ஆனால் மோனாஷின் முறை மூன்று கட்டம். இரண்டிலிருந்து ஆறு வாரம் விலக்கு. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துச் சோதனை. கடைசியில் அவரவர் வயிற்றுக்கு ஒத்த சாப்பாடு. பெரும்பாலோர் முதல் கட்டத்தோடு நின்றுவிடுவதுதான் உலகமெங்கும் உள்ள சிக்கல்.

டாக்டரம்மா இந்த முறையைத் தன் பாடத்தோடு கலந்துகொண்டிருக்கிறார். முதல் வாரமே அவர் எழுதிக்கொடுக்கும் தாளில் இரண்டு தேதிகள் இருக்கின்றன: விலக்கத் தொடங்கும் நாள், திரும்பச் சேர்க்கத் தொடங்கும் நாள். நம் சமையலுக்கு மோனாஷில் எல்லா விடையும் கிடைக்காது என்பதால் சிலவற்றை இவரே முடிவு செய்கிறார். சோறு பயமில்லை. பூண்டின் ஃப்ரக்டன் எண்ணெயில் கரையாது என்பதால், முழுப்பல்லை நல்லெண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துப்போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கச் சொல்கிறார். மணம் வந்துவிடும், பொருமல் வராது. பெருங்காயம் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் பார்க்கச் சொல்கிறார், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். மலம் இறுகுகிறவர்களுக்குத் தவிட்டைச் சொல்லாமல் இசப்கோலைச் சொல்கிறார். தவிடு மாதிரிக் கரையாத நார் பலருக்கு வலியைக் கூட்டிவிடும்.

இங்கே அவருக்கும் அவர் மரபுக்கும் உரசல் உண்டு. இயற்கை மருத்துவம் என்றாலே பச்சைச் சாறு, பழ உணவு, உபவாசம் என்றுதான் மக்கள் வருகிறார்கள். காலையில் வெண்பூசணிச் சாறு, பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் பப்பாளி, மாலையில் முளைகட்டிய பயறு என்று எல்லோருக்கும் ஒரே அட்டவணை போட்டுக்கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. சர்க்கரை நோய்க்காரருக்கோ உடல் பருமனுக்கோ அது ஒத்துவரலாம். பேதி வகை ஐ.பி.எஸ். வயிற்றில் முளைப்பயறைக் கொட்டுவது கொடுமை. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி பழத்தைக்கூட நாளைக்கு மூன்று பங்குக்குள் நிறுத்தச் சொல்கிறது. கற்றாழையை ஊக்குவிக்க வேண்டாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. கற்றாழைச் சாறோ நம்மூர் நடைபாதையில் காலை ஆறு மணிக்கே கிடைக்கிறது. "எங்க சீனியர்ஸ் கேட்டா சண்டைக்கு வருவாங்க. ஆனா வேகவெச்ச பீர்க்கங்காயும் இயற்கைதானே சார்?" என்றார். அடிக்கடி எனிமா கேட்டு வருகிறவர்களையும் அவர் ஊக்குவிப்பதில்லை. கழிவு தேங்குகிறது என்ற கூனேயின் சித்தாந்தத்தை அவர் நம்புகிறாரா என்று கேட்டேன். "பரீட்சையில எழுதினேன்" என்று நிறுத்திக்கொண்டார்.

அப்படியானால் மண் எதற்கு? இதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. பாஸ்டன் நகரில் டெட் காப்ட்சக் குழுவினர் 262 ஐ.பி.எஸ். நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு வெறுமனே காத்திருந்தது. இரண்டாம் குழுவுக்கு உடலில் இறங்காத போலி அக்குபங்சர் ஊசி, பேச்சு இல்லை. மூன்றாம் குழுவுக்கு அதே போலி ஊசி, ஆனால் மருத்துவர் உட்கார்ந்து கனிவோடு கேட்டார், பேசினார். மூன்று வாரத்தில் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 28, இரண்டாவதில் 44, மூன்றாவதில் 62. இது 2008இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே குழு, 'இது சர்க்கரை மாத்திரைதான், மருந்தில்லை' என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்துப் பார்த்தது. அதிலும் நூற்றுக்கு 59 பேருக்கு நிவாரணம், சும்மா இருந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு.

இதைப் படித்துவிட்டு 'எல்லாம் மனப்பிரமை' என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் வழியில்தான் நோய் இருக்கிறது. அந்த வழியிலேயே போகும் எதுவும் வைத்தியமாக வேலை செய்யக்கூடும். ஜெர்மனியில் எஸ்ஸென் நகரில் 59 பேரை வைத்து யோகாவையும் ஃபாட்மேப் உணவையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது; இரு பக்கமும் முன்னேற்றம், இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. டாக்டரம்மாவின் கூடத்தில் வஜ்ராசனத்தில் உட்கார்ந்து நாடிசுத்தி செய்யும் மில்காரர்களுக்குக் கிடைப்பது, நரம்பு கொஞ்சம் அடங்கும் அந்தக் கால் மணி நேரம். மண் அதற்குச் சாக்கு. சாக்கு என்பதால் மட்டம் இல்லை. ஐந்து நிமிடத்தில் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பும் அறையில் அந்தச் சாக்கும் கிடைப்பதில்லை. ஆனால் மண் நஞ்சை உறிஞ்சுகிறது என்று சொல்லிப் பணம் வாங்கினால் அது வேறு கதை.

சில மாலைகளில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நோயாளிகளைப் பார்க்கிறார். நானும் கூடவே பஸ் ஏறினேன். ஊர் நெருங்குவதற்கு முன்பே கோபுரம் தெரிந்துவிடுகிறது, 192 அடி, பதினொரு நிலை. இறங்கியதும் பால் சுண்டும் வாசனை. ஒரு கடையின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். விறகடுப்பில் அகலமான இரும்புச் சட்டி, நீளத் துடுப்பால் அடி பிடிக்காமல் ஓயாமல் கிண்டுகிறார் ஒருவர், பனியன் முழுக்க நனைந்திருந்தது. பாலும் சீனியும் தவிர வேறொன்றும் கிடையாது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். "பத்து லிட்டர் ஊத்துனா மூணு, மூணரைக் கிலோ நிக்கும்ணே" என்றார்.

அந்தக் கணக்கு எனக்கு வேண்டியிருந்தது. பசும்பாலில் லாக்டோஸ் நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்றுக் குறைவு. பத்து லிட்டரில் உள்ளதெல்லாம் மூன்றரைக் கிலோவில் அடங்கினால், ஐம்பது கிராம் பால்கோவாவில் ஏறத்தாழ ஏழு கிராம் லாக்டோஸ். வளர்ந்தவர்களுக்கு லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவது வட இந்தியாவைவிடத் தெற்கில் அதிகம். இருந்தும் அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் பன்னிரண்டு கிராம்வரை, அதாவது ஒரு தம்ளர் பால் அளவுக்கு, பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குகிறார்கள். ஆக, ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, வயிற்றுக்குப் பயந்து, ஆயுள் முழுக்கப் பால்கோவாவைத் தொடாமல் இருப்பவர்களில் பலருக்கு அந்தத் தண்டனை தேவையே இல்லை. கால் கிலோப் பொட்டலத்தைப் பிரித்து நின்ற இடத்தில் முடிப்பவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அதில் கொழுப்பும் சேர்ந்து குடலை உலுக்கும்.

டாக்டரம்மா அன்று பார்க்கப் போனது வடம் இழுக்கும் வீதிக்கு அருகில் குடியிருக்கும், ஓய்வு பெற்ற ஒரு பெண்மணியை. பாலை நிறுத்திப் பல வருடம். காபியை நிறுத்தியதுதான் அவருக்குப் பெரிய துக்கம். நான்கு வாரம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தி, வலி அடங்கி, இப்போது திரும்பச் சேர்க்கும் கட்டத்துக்கு வந்திருந்தார். சேர்க்கத்தான் பயம். நோய் அடங்கிய பிறகும் சாப்பாட்டு பயம் அடங்காதவர்கள் நிறைய. அவருக்கு விளக்க டாக்டரம்மா எடுத்த உதாரணம் அந்த ஊருக்கே உரியது. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆண்டாள் நெய்யும் பாலும் விலக்கி நோன்பைத் தொடங்குகிறாள். இருபத்தேழாம் பாசுரத்தில் அதே பாலும் நெய்யும் வழிய வழியத் திரும்புகின்றன. இடையில் நான்கு வாரத்துக்குச் சற்றுக் குறைவு.

"அவளே நாள் குறிச்சுத்தான் விட்டாக்கா. நீங்க தேதியே போடாம விட்டுட்டீங்க."

ஆண்டாளுக்கு உப்புசம் இருந்ததாக எந்த உரைகாரரும் எழுதவில்லை, மோனாஷும் மார்கழியும் ஒன்றென்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அம்மாள் சிரித்தார். தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். முதல் மூன்று நாள் தயிர், லாக்டோஸ் குறைவு என்பதால். பிறகு மூன்று நாள் பத்தியச் சாப்பாடு மட்டும். அப்புறம் கால் தம்ளர் பால், மறுநாள் அரை, அதற்கு மறுநாள் முக்கால். பக்கத்தில் வயிறு எப்படி இருந்தது என்று எழுத ஒரு கட்டம். பருப்புக்கும் வெங்காயத்துக்கும் இதே மாதிரி வரிசை தனித்தனியாக, ஒன்றோடொன்று கலக்காமல். பால்கோவா கடைசி வரியில் இருந்தது, இருபத்தைந்து கிராம், சாப்பாட்டுக்குப் பிறகு.

"கூடாரவல்லி வருதே. அன்னைக்குக் கோயில்ல அக்காரவடிசில் குடுப்பாங்க. வாங்கலாமா?"

டாக்டரம்மா நாட்காட்டியைப் பார்த்து, விரல் விட்டு எண்ணினார். "அதுக்குள்ள பால் வரிசை முடிஞ்சிரும். வாங்குங்கக்கா, ரெண்டு கரண்டி. அன்னைக்குக் காபி வேண்டாம். மறுநாளும் புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க. வயிறு ஏதாவது சொன்னா எதுனால சொல்லுச்சுன்னு அப்பத்தான் நமக்குத் தெரியும்."